கூடைக்கு வராத பாஸ்போர்ட்

வெங்காயக் கூடை ஒன்று பஸ்ஸுக்குள் கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் கூடை. ஷார்ஜா ரோலாவில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டின் சமையலறையிலிருந்து ஸ்டெல்லா அதைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தாள். அன்று அதற்குள் பாஸ்போர்ட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

ராஸ் அல் கைமாவைத் தாண்டியாயிற்று. வலது பக்கம் மலை, இடது பக்கம் கடல். மலையில் பேருக்கு ஒரு புல் இல்லை. கடல் மிகவும் பக்கத்தில் இருந்தது. ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தால் பஸ் தண்ணீருக்குள் போவது மாதிரி இருந்தது. ஏசிக் குளிரில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். யாருடைய போனிலோ ஜெபமாலை சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. நானும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில்தான் இருந்தேன். இப்போது யோசித்தால், அன்று காலை முழுவதுமே நான் சரியாக விழிக்கவில்லை என்று தோன்றுகிறது.

வளைகுடாவில் கூட்டமாக எல்லை தாண்டிப் போனவர்களுக்கு இந்தக் கூடை தெரியும். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒருவர் வாங்கிக்கொள்வார். நாடு நாடாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டு, பெயர்ப் பட்டியலோடு கவுன்டரில் நீட்டுவார். ஆளுக்கு ஆள் வரிசையில் நின்று கழுத்தை நீட்ட வேண்டியதில்லை. அன்று அந்த வேலை ஸ்டெல்லாவுக்கு. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எக்கா, உனக்கதப் போடு" என்று என் முழங்கையில் தட்டினாள்.

போட்டேன். சிங்கத்தைப் போட்டேன். கங்காரு ரோலாவில், அலுமாரிக்குள், உள்பாவாடைகளுக்குக் கீழே இருந்தது.

சிங்கமும் கங்காருவும்

என்னிடம் இரண்டு பாஸ்போர்ட்டுகள் உண்டு. ஒன்று இலங்கை. அட்டையில் வாள் பிடித்த சிங்கம். மற்றது ஆஸ்திரேலியா. அட்டையில் கங்காரு, பக்கத்தில் ஒரு பெரிய பறவை. மன்னாரில் பிறந்தேன், மெல்பேர்னில் படித்து வேலை செய்தேன். இரண்டு நாடும் சம்மதித்துத் தந்த இரட்டைக் குடியுரிமை. ஒளிவு மறைவு ஒன்றும் அதில் கிடையாது. ஒளிவு மறைவு என்னிடம்தான் இருந்தது.

இரண்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். ஒன்றைக் காட்டி வெளியே போவது, மற்றதைக் காட்டி உள்ளே நுழைவது. கொழும்பில் சிங்கம். ஷார்ஜாவில் கங்காரு, ஏனென்றால் என் விசா அதில்தான் இருந்தது. விமானத்தில் நடு வானத்தில் எங்கேயோ நான் ஒருத்தியிலிருந்து இன்னொருத்தியாக மாறுவேன். அநேகமாகச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில். கைப்பைக்குள் இரண்டும் இடம் மாறும், வேறொன்றும் நடக்காது. அந்த நேரத்தை நான் ரகசியமாக ரசித்திருக்கிறேன். கீழே மேகம், கையில் இரண்டு புத்தகம், எதிலும் நான் இல்லை.

மெல்பேர்னில் என் கல்யாணம் முடிவுக்கு வந்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகுதான் ஷார்ஜா. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. அங்கே கிடைத்தவள்தான் ஸ்டெல்லா.

சொல்லாமல் விட்டது

ஸ்டெல்லா குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. என்னைவிட ஆறு வயது இளையவள். நடந்தால் தரை அதிரும், சிரித்தால் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்கும். எனக்கு ரோலாவில் அறை பிடித்துத் தந்தவள் அவள்தான். புளி எங்கே வாங்குவது, எந்த சூப்பர்வைசரிடம் வாய் கொடுக்கக் கூடாது, எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் டீ குடிக்கிற அறையில் அவள் பொரிந்து தள்ளினாள். "எக்கா, இங்க வேலைக்கா சம்பளம் குடுக்கான்? பாஸ்போர்ட்டுக்குத்தான் குடுக்கான். ஒரே வார்டு, ஒரே ட்யூட்டி, ஒரே பெட்பேன். இந்தியான்னா ஒரு கிரேடு, வெள்ளக்கார நாடுன்னா ஒரு கிரேடு. நீயும் நானும் பாவப்பட்டவளுவ."

நான் டீயைக் குடித்தேன். என் கிரேடு எது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். மறுநாள் சொல்லியிருந்தால் ஒரு கோபத்தோடு. ஒரு மாதம் கழித்து எப்படிச் சொல்வது? நாலு வருஷம் கழித்து?

ஒரு பொய்யைச் சொன்னால் ஒரு முறை சொல்லிவிட்டு இருக்கலாம். சொல்லாமல் விட்டதைத் தினமும் காக்க வேண்டும். என் எமிரேட்ஸ் ஐடியில் நாடு எது என்று பெரிதாகப் போட்டிருக்கும். பர்ஸில் அதைக் கவிழ்த்தே வைப்பேன். லீவில் ஊருக்குப் போகும்போது ஸ்டெல்லா ஏர்போர்ட் வரை வருவாள், கவுன்டர் கண்ணில் படுவதற்கு முன்பே அவளை அனுப்பிவிடுவேன். அவள் பாஷையில் சொன்னால், நான் பாவப்பட்டவளாக நடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத.

மூன்று மணி நேரத் தூரம்

அவள் புருஷன் சகாயம் மீன்பிடிக்காரர். ஓமான் பக்கம் கசாபில் ஒரு லாஞ்சில் வேலை. ரோலாவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், நடுவில் ஓர் எல்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. இவளுக்கு லீவு கிடைக்கும்போது அவருக்கு சீசன். அவருக்கு ஓய்வு கிடைத்தால் பாஸ்போர்ட் படகு முதலாளியின் மேஜை இழுப்பறைக்குள் இருக்கும். கேட்டால், "பிறகு தருகிறேன்." பிள்ளைகள் இரண்டும் ஊரில். குடும்பம் முழுவதும் கூடுகிற ஒரே இடம் போன் திரைதான், அதுவும் லாஞ்சுக்கு சிக்னல் இருந்தால்.

சாயங்காலம் ஷார்ஜா கடற்கரையில் நடக்கப் போனால் ஸ்டெல்லா வடக்குப் பக்கம் பார்த்தே நடப்பாள். "அங்கதான நிக்காரு" என்பாள். அங்கே கட்டடங்கள்தான் தெரியும். ஆனாலும் நானும் பார்ப்பேன்.

எங்கள் கோவிலின் தமிழ்க் குழுவில் ஜெரோம் அண்ணன் கசாபுக்கு ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்கிறார் என்று தெரிந்ததும் ஸ்டெல்லா முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். ஜெரோம் அண்ணன் தூத்துக்குடிக்காரர், ஷார்ஜா தொழில்பேட்டையில் போர்மேன். விசா, பட்டியல், பஸ் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு டால்பின் பார்க்கிற பயணம். ஸ்டெல்லாவுக்குப் புருஷனைப் பார்க்கிற பயணம். அன்று பகல் மூன்று மணிக்கு லாஞ்சு கடலுக்குப் போகும், அதுவரை சகாயத்துக்கு முதலாளி ஓய்வு கொடுத்திருந்தார். பதினொன்றரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தால் மூன்றரை மணி நேரம்.

அந்த மூன்றரை மணி நேரத்தை அவள் ஒரு மாதமாகத் திட்டமிட்டாள். இரண்டு சட்டை வாங்கினாள். முந்திரிக்கொத்து செய்தாள், பாசிப்பயறு வறுத்த வாசம் மூன்று நாள் என் தலையணையில்கூட இருந்தது. "நீயும் கூட வரணும் எக்கா. உன்னைய அவருக்குக் காட்டணும்" என்றாள்.

முகம் போதும் என்று

நான் செய்த முட்டாள்தனம் இதுதான்.

ஜெரோம் அண்ணனிடம் ஓமான் விசாவுக்குச் சிங்கத்தின் நகலைத்தான் கொடுத்தேன். கூடையில் எல்லாரும் பார்க்கும்படி விழப்போவது அதுதானே. இங்கிருந்து வெளியேறும்போது மட்டும் கங்காருவைத் தனியாக கவுன்டரில் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வழக்கமான வித்தைதான், விமானத்துக்குப் பதில் பஸ்.

அன்று காலை அலுமாரிக் கதவைத் திறந்து நின்றேன். ஸ்டெல்லா குளித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். கைப்பையை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் திறப்போம், மருந்து, சீப்பு, சூயிங்கம் என்று அவள் கை எந்நேரமும் என் பைக்குள் இருக்கும். பஸ்ஸில் கங்காரு எட்டிப் பார்த்துவிட்டால்?

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. துபாய் ஏர்போர்ட்டில் நான் பாஸ்போர்ட்டை எடுத்தே எவ்வளவு நாளாயிற்று! கதவுக்கு முன்னால் நிற்பேன், கேமரா முகத்தைப் பார்க்கும், கதவு திறக்கும். ஐடி கையில் இருக்கிறது, முகம் கழுத்தில் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? கங்காருவை உள்பாவாடைகளுக்குக் கீழே தள்ளிவிட்டு அலுமாரியைப் பூட்டினேன். மனசு அப்படி லேசானது.

தரை எல்லையில் அந்தக் கதவு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் புத்தகம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம்

அந்த அதிகாரி இளைஞர். வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் கட்டை, முத்திரை மேல் முத்திரையாக முடித்துவிட்டு என்னுடையதை எடுத்தார். பக்கம் புரட்டினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி புரட்டினார்.

"சிஸ்டர், என்ட்ரி மாஃபி. இந்தப் பாஸ்போர்ட் நாட்டுக்குள் வரவே இல்லை" என்றார் இந்தியில், மிகவும் மரியாதையாக.

ஐடியை நீட்டினேன். அவர் அதை வாசித்தார். வாசித்தது சத்தமாக.

"கார்டு ஆஸ்திரேலியா. பாஸ்போர்ட் ஸ்ரீலங்கா."

காலிக் கூடையோடு ஸ்டெல்லா என் தோளை ஒட்டி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஜெரோம் அண்ணன் ஓடி வந்தார். "என்ன தங்கச்சி, ரெண்டு பாஸ்போர்ட்டா? அந்த இன்னொண்ணு எங்க?"

"ரோலாவில, அண்ணா."

"ரோலாவுல எங்க?"

"அலுமாரியில. பூட்டியிருக்கு. திறப்பு என்னட்ட இருக்கு."

அவர் தலையில் கை வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் பஸ்ஸில் வந்த எல்லாரும் ஒரே பட்டியல். ஒரு பேரை எடுக்க வேண்டுமென்றால் மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். வருவார், உட்காருங்கள் என்று அந்த இளைஞர் எல்லாருக்கும் தண்ணீர் போத்தல் கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டு பாஸ்போர்ட் வைத்திருந்தும் சரியானதைக் கொண்டுவராதவள் நான்.

பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையில் ஸ்டெல்லா எனக்கு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மடியில் முந்திரிக்கொத்து டப்பா. போன் அடித்தது. "வந்துட்டே இருக்கேம். பார்டர்ல கூட்டம்" என்றாள். கூட்டம் என்று யாரும் இல்லை, எங்களைத் தவிர.

பக்கத்தில் போய் நின்றேன். "ஸ்டெல்லா, என்னில கோவமோ?"

"இப்பப் பேசாத எக்கா."

ஒன்றரைக்கு மேல் கையெழுத்து வந்தது. மற்றவர்கள் போகலாம், நான் மட்டும் போக முடியாது. பஸ் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்கிறேன் என்றேன். ஜெரோம் அண்ணன் தயங்கினார். "போங்கோ அண்ணா, தயவுசெய்து போங்கோ" என்று கத்தியே விட்டேன். ஸ்டெல்லா ஏற்கெனவே பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தாள்.

தேநீர்க் கடை

எல்லைச் சாவடியிலிருந்து திரும்பி நடந்தால் ஒரு மலையாளி தேநீர்க் கடை. அங்கே ஒரு நாற்காலியைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் எதுவும் கேட்காமல் டீ வைத்துவிட்டுப் போனார்.

வெயில் எல்லாவற்றையும் வெளுக்க வைத்திருந்தது. மலை, ரோடு, கடல் எல்லாம் ஒரே நிறம். தூரத்தில் கார்கள் சாவடிக்குள் போவதும் அந்தப் பக்கம் போய்க் கரைவதுமாக இருந்தன. இந்தச் சாவடிக்கும் அந்தச் சாவடிக்கும் நடுவில் ஒரு துண்டு ரோடு இருந்தது. எந்த முத்திரையும் அதற்குக் கிடையாது. ஒரு பூனை அதில் நிதானமாக நடந்து போனது.

கண் சொருகியது. நான் சின்னப் பிள்ளையாக மன்னார்ப் பேசாலைக் கரையில் நின்றேன். சண்டைக் காலம். விடிவதற்குள் படகு ஏறிவிட வேண்டும். அம்மா முந்தானையில் எதையோ முடிந்து இடுப்பில் செருகினாள். அது என் பிறப்புச் சான்றிதழ். ராமேஸ்வரம் பக்கம் இறக்கிவிட்டபோது இடுப்பளவு தண்ணீர். மண்டபம் அகதி முகாமில் அம்மா முடிச்சை அவிழ்த்தாள், உள்ளே நீல மை கலங்கின ஒரு ஈரத்துணி மாதிரி ஏதோ இருந்தது. அதைக் கல்லில் காயப் போட்டாள். காய்ந்ததும் அதில் ஒன்றும் இல்லை. முகாமில் ஒருவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நான் யார் என்பதற்கு அம்மாவின் வாயைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

இந்த வேடிக்கையைப் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவளாக இருந்தேன், பிறகு இரண்டு நாட்டுக்காரியானேன். அதில் பெருமைப்பட்டிருக்கலாம். மெல்பேர்னில் கங்காரு கையில் கிடைத்த அன்று அம்மாவுக்குப் போன் செய்து அழுதவள்தான் நான். அதையே நாலு வருஷம் திருட்டுச் சாமான் மாதிரி துணிக்குக் கீழே ஒளித்து வைத்தேன். எதற்கு? ஸ்டெல்லா என்னைத் தன் கட்சியிலிருந்து தள்ளிவிடக் கூடாது என்பதற்கு. அவள் பக்கத்தில் ஓரிடம் எனக்கு எந்த நாட்டு விசாவையும்விடப் பெரிதாக இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் கடலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணியானபோது எழுந்து நின்றேன். வடக்கே மலை வளைந்து கடலுக்குள் இறங்கியிருந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லாஞ்சு போயிருக்கும். பஸ் போய்ச் சேர்ந்திருக்குமா? போன் செய்யக் கை வரவில்லை. மாதாவே, பத்து நிமிஷமாவது கொடு என்று கேட்டேன். பேரம் பேசுகிற மாதிரிதான் கேட்டேன், மூன்றரை மணி நேரத்தைக் கெடுத்தவளுக்கு முழுதாகக் கேட்க முகம் இல்லை.

பஸ் திரும்பியது

பொழுது சாயும் நேரத்தில் பஸ் திரும்பி வந்தது. உள்ளே மீன் வாசமும் ஆரஞ்சுத் தோல் வாசமும். எல்லாரும் வெயிலில் கறுத்து, சிரித்துக் களைத்து இருந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஸ்டெல்லா கடைசிக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து இடம் காலி. போய் உட்கார்ந்தேன். அவள் நகரவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

சாவடி பின்னால் போனதும் கேட்டேன். "கண்டனியோ அவர?"

"பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"எஞ்சின் போட்டாச்சி. மொதலாளி மேல நின்னு யல்லா யல்லான்னு வெரட்டுகான். இவரு ஒரு கால படகுல வச்சிட்டு ஒரு கால கரையில வச்சிட்டு நிக்காரு." அவள் ஜன்னலைப் பார்த்தே பேசினாள். "பத்து நிமிசம் இருக்கும். அதுல பாதி நேரத்த நான் அழுதே தீத்துட்டேன்."

"ஸ்டெல்லா, அந்தப் பாஸ்போர்ட்... உன்னட்ட நான் முதலே சொல்லியிருக்கோணும்..."

"தெரியும் எக்கா."

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். மொத வருசம் நீ காச்சல்ல பேச்சில்லாமக் கெடந்தியே, உனக்க ஐடி கார்ட ஆஸ்பத்திரி கவுன்டர்ல குடுத்தது யாரு? நாந்தான குடுத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கடல் அந்தப் பக்கம் போய்விட்டது.

"பிறகு ஏன் ஒண்டும் கேக்கேல்ல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். சொல்ல வெக்கப்படுகியோன்னு விட்டுட்டேன். உனக்குச் சம்பளம் கூடக் கெடைக்கா, வாங்கிட்டுப் போ. எனக்க கையில இருந்தா பிடுங்குன?" முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. "நாலு வருசம் மறச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல எக்கா. இன்னைக்கிப் போன நேரத்துக்குத்தான் கோவம்."

அவளுக்குத் தெரிந்ததை அவளிடமிருந்தே மறைக்க, அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்த மதியத்தை எடுத்துச் செலவழித்துவிட்டேன். மன்னித்துவிடு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, போதும் என்றா, எனக்குப் புரியவில்லை. ரோலா வரும்வரை இருவரும் முழித்தபடியே இருந்தோம்.

மறுநாள் அவள் எப்போதும் போல எனக்கும் சேர்த்து டீ போட்டாள். ட்யூட்டிக்கு ஒன்றாகப் போனோம். புளி தீர்ந்தால் சேர்ந்து வாங்கினோம். சண்டை ஒன்றும் இல்லை, இன்றுவரை இல்லை.

சகாயத்தை அவள் அடுத்துப் பார்க்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதே ஜெரோம் அண்ணன், அதே பஸ். அந்த முறை அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.